பழைய .22 ரைஃபிள் இரண்டில் எதை எடுப்பது: ரூகர் 10/22-ஆ, மார்லின் 60-ஆ?

முதல் ரைஃபிளைப் பழையதாகவே வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு செய்து கடைக்குப் போகிறவர் முன்னால் பெரும்பாலும் இரண்டு துப்பாக்கிகள் வந்து நிற்கும்: ஒன்று ரூகர் 10/22, மற்றொன்று மார்லின் மாடல் 60. இரண்டும் .22 லாங் ரைஃபிள் தோட்டாவைச் சுடும் அரைத் தானியங்கிகள். விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு வெளியேறும், காலிக் கூடு வெளியே தள்ளப்படும், அடுத்த தோட்டா தானாக உள்ளே ஏறும்; மறுபடி சுட வேண்டுமானால் விசையை விட்டுவிட்டு மீண்டும் அழுத்த வேண்டும். மார்லின் 1960-இல் வந்தது, ரூகர் 1964-இல். இரண்டும் பல பத்து லட்சக் கணக்கில் விற்றவை என்பதால் பழைய சரக்குக்குப் பஞ்சமே இல்லை.

இரண்டில் எது நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். புதிதாக வாங்குபவருக்கு அந்தக் கேள்வி பொருந்தும். பழையதை வாங்குபவர் முன்னால் இருப்பது ஒரு மாடல் அல்ல, யாரோ ஒருவர் முப்பது ஆண்டுகள் வைத்துச் சுட்ட, அல்லது சுடாமல் ஈரமான மூலையில் போட்டுவைத்த ஒரு குறிப்பிட்ட துப்பாக்கி. அதில் ஏதாவது குறை இருக்கத்தான் செய்யும். எந்தக் குறையைக் கைச்செலவில் சரி செய்யலாம், எந்தக் குறை இருந்தால் துப்பாக்கியைத் திருப்பி வைத்துவிட்டு வர வேண்டும் என்பதே உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு: ஒரே குறை இரண்டு துப்பாக்கிகளிலும் ஒரே எடை பெறாது. ரூகரில் அற்பமாக இருக்கும் கோளாறு மார்லினில் முதலுக்கே மோசமாகலாம், மாறியும் நடக்கும்.

முதல் படி: உரிமமும் தொடர் எண்ணும்

துப்பாக்கியைத் தொடுவதற்கு முன், நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தில் இந்த வகைத் துப்பாக்கியை உங்கள் உரிமத்தில் வைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்று உரிமம் வழங்கும் அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். விற்பவரின் வாய்மொழியை நம்ப வேண்டாம். அரைத் தானியங்கி என்ற ஒரு சொல்லே பல நாடுகளில் எல்லாவற்றையும் மாற்றிவிடும். பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அரைத் தானியங்கி ரைஃபிள்களில் .22 ரிம்ஃபயர் (ஊசி தோட்டாவின் அடி விளிம்பில் அடிக்கும்) வகைக்கு மட்டுமே உரிமம் பெற இடமுண்டு. ஆஸ்திரேலியாவில் 1996-க்குப் பிறகு இந்த .22 வகையும்கூடச் சாதாரண உரிமத்தில் அடங்காது. தக்க காரணம் காட்டுவோருக்கான தனிப் பிரிவில், 10 தோட்டாக்களுக்கு மேல் கொள்ளாததாக இருக்க வேண்டும். நியூசிலாந்து 2019-இல் அரைத் தானியங்கிகளைத் தடை செய்தபோதும், 10 தோட்டாக்கள் வரை கொள்ளும் .22 ரிம்ஃபயர் துப்பாக்கிகளை விட்டுவைத்தது.

இந்த எண்ணிக்கை வரம்பு நம்முடைய தேர்வை நேரடியாகத் தொடுகிறது. ரூகரோடு வரும் மேகசின், அதாவது தோட்டாக்களை நிரப்பி மாட்டும் பெட்டி, 10 தோட்டாக்களுக்கானது. தேவைப்பட்டால் கழற்றி வேறு மாட்டலாம். மார்லினில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் நிலையாகப் பொருத்தப்பட்ட நீண்ட குழாயில் நிற்கின்றன. பழையவற்றில் 18 வரையிலும், 1980-களின் பிற்பகுதிக்குப் பிறகு வந்தவற்றில் 14-ம் பிடிக்கும். பத்துக்கு மேல் கூடாது என்னும் இடத்தில் மார்லின் அங்கேயே போட்டியிலிருந்து விலகிவிடும். அதன் பிறகு இந்தக் கட்டுரையின் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

அடுத்தது தொடர் எண். உலோகத்தில் பொறித்துள்ள எண்ணும் ஆவணத்தில் உள்ள எண்ணும் ஒவ்வோர் இலக்கமாக ஒத்துப்போக வேண்டும். எண் அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தாலோ, மேலே மறுபடி குத்தியதுபோல் தெரிந்தாலோ பேரம் பேசாமல் கடையை விட்டு வெளியேறுங்கள். மார்லினில் இந்த எண்ணால் இன்னொரு பயனும் உண்டு: 1973-க்குப் பிறகு அந்நூற்றாண்டின் இறுதிவரை வந்தவற்றில், முதல் இரண்டு இலக்கங்களை 100-இலிருந்து கழித்தால் தயாரித்த ஆண்டு கிடைக்கும். 19 என்று தொடங்கினால் 1981. 1968-க்கு முன் அமெரிக்காவில் இத்தகைய சிறு ரைஃபிள்களில் தொடர் எண் கட்டாயம் இல்லை என்பதால், மிகப் பழைய மார்லினில் எண்ணே இல்லாமலும் இருக்கலாம்; அப்படிப்பட்டதைப் பதிவு செய்வது தலைவலி, முதல் துப்பாக்கிக்கு அது வேண்டாம்.

இரண்டாவது படி: காலியா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்

விற்பவர் ‘லோடு இல்லை’ என்று சொல்லி நீட்டினாலும், குழல் யாரையும் நோக்காத திசையில் இருக்க, விரல் விசைக்கு வெளியே இருக்க, நீங்களே சோதிக்க வேண்டும். கடைக்காரர் இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். எடுத்துக்கொண்டால் அந்தக் கடை நமக்கு வேண்டாம். ரூகரில் இது எளிது: மேகசினைக் கழற்றுங்கள், போல்ட்டை, அதாவது சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் நகரும் உலோகத் துண்டை, பின்னால் இழுத்து, விசைக்காப்புக்கு முன்னால் உள்ள சிறு நெம்புகோலை அழுத்தித் திறந்த நிலையில் நிறுத்துங்கள், தோட்டா அமரும் சேம்பரைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் பாருங்கள்.

மார்லினில் ஒரு கூடுதல் அடி இருக்கிறது, புதியவர்கள் தவறுவதும் அங்கேதான். போல்ட்டைத் திறந்து சேம்பர் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அடிக்குழாயிலோ, குழாயிலிருந்து சேம்பருக்குத் தோட்டாவைத் தூக்கும் தொண்டைப் பகுதியிலோ ஒன்று ஒளிந்திருந்தால், போல்ட்டை விட்டவுடன் அது மேலேறிவிடும். ஆகவே முனையில் உள்ள திருகு மூடியைத் திருப்பி, உட்குழாயை முழுவதுமாக உருவி எடுத்து, குழல் முனையைத் தரையை நோக்கிச் சாய்த்து, ஏதும் விழவில்லை என்று கண்ட பின், போல்ட்டை நான்கைந்து முறை இழுத்து விட்டு, மறுபடி திறந்து பாருங்கள். திறந்த நிலையில் நிறுத்த, கைப்பிடியைப் பின்னால் இழுத்து உள்நோக்கி அழுத்தினால் போதும். உட்குழாயை உருவும்போது கை குழல் வாய்க்கு மிக அருகில் போகிறது என்பதையும் கவனியுங்கள். மார்லினின் இந்த அமைப்பு எனக்கு என்றுமே முழுதாகப் பிடித்ததில்லை. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் காலி செய்யும்போதும் கையைக் குழல் முனைக்கு முன்னால் கொண்டுபோகாமல் பக்கவாட்டில் இருந்தே வேலை செய்யப் பழகிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது படி: குழல்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். வெளிப்பூச்சு தேய்ந்திருப்பது, தோளில் ஊன்றும் மரக்கட்டையில் கீறல் விழுந்திருப்பது எல்லாம் பேரம் பேச உதவும் சங்கதிகள். குழலின் உட்பக்கமே துப்பாக்கியின் மதிப்பு.

முதலில் குழல் வாயின் விளிம்பு. குண்டு கடைசியாகத் தொட்டு விலகும் இடம் அது. அங்கே ஒரு பக்கம் மட்டும் சிறு வடு இருந்தாலும் குண்டு கோணிப் போகும். காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்றை எடுத்து, பஞ்சு முனையை விளிம்பின் உட்புறமாக மெல்லச் சுற்றுங்கள். நூலிழை எங்காவது மாட்டிக்கொண்டால் அங்கே பிசிறு இருக்கிறது. இந்த இரண்டு துப்பாக்கிகளிலும் ரிசீவரின் (போல்ட் ஓடும் உலோக உடல்) பின்புறம் அடைத்திருக்கும் என்பதால், பெரும்பாலானவர்கள் குழல் வாய் வழியாகவே இரும்புக் கம்பியை விட்டுச் சுத்தம் செய்கிறார்கள். கம்பி ஒரே பக்கமாக உரசி உரசி விளிம்பை முட்டை வடிவமாக்கிவிடும். குறைவாகச் சுட்டு அதிகமாகச் சுத்தம் செய்யப்பட்ட துப்பாக்கி, அதிகமாகச் சுட்ட துப்பாக்கியைவிட மோசமாக இருப்பது இதனால்தான்.

அடுத்து உட்துளை. போல்ட்டைத் திறந்து வைத்து, கூடு வெளியேறும் சாளரத்தில் வெள்ளைத் தாள் துண்டு ஒன்றை மடித்துச் சாய்வாக வையுங்கள்; அதன் மேல் கைவிளக்கை அடித்தால் ஒளி திரும்பிக் குழலுக்குள் போகும், நீங்கள் வாய்ப்புறமிருந்து பார்க்கலாம். குண்டைச் சுழல வைக்கும் சுருள் புரிகள் ஓரம் கூர்மையாக, முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி பளபளக்க வேண்டும். ரூகரில் எண்ணிவிடக் கூடிய ஆழமான புரிகள் தெரியும். மார்லினில் மைக்ரோ குரூவ் என்று பெயர் பெற்ற 16 மெல்லிய புரிகள். ஆழம் குறைவாக இருப்பது அதன் இயல்பு, தேய்மானம் அல்ல. இதை அறியாமல் நல்ல மார்லின் குழலைத் தேய்ந்தது என்று ஒதுக்கிவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கருமையாகத் தெரிவதெல்லாம் துரு அல்ல. .22 தோட்டாவின் குண்டு பெரும்பாலும் மெழுகு பூசிய வெறும் ஈயம். ஈயமும் கரியும் சேம்பருக்கு அடுத்த விரற்கடைத் தூரத்தில் படிந்து அழுக்காகத் தெரியும். விற்பவரிடம் அனுமதி கேட்டு ஒரு வெண்கலத் தூரிகையை நான்கைந்து முறை இழுத்துவிட்டு மறுபடி பாருங்கள். அழுக்கென்றால் கலைந்துவிடும். ஊசி குத்தியதுபோல் புள்ளிப் புள்ளியாக நின்றுவிட்டால் அது துரு அரித்த குழி.

எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தேட வேண்டியது வளையம். முன்பு சுட்ட குண்டு எப்போதோ உள்ளே சிக்கிக்கொண்டு, அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டிருந்தால், அந்த இடத்தில் குழல் உள்ளிருந்து வீங்கி, இருண்ட மோதிரம்போல் ஒரு வட்டம் தெரியும். நான் வாங்கிய முதல் பழைய துப்பாக்கி மார்லின்தான். கட்டை பளபளவென்றிருந்தது, விலையும் இறங்கி வந்தது, உள்ளே விளக்கு அடித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து எண்ணெய்த் துணியை இறுக்கமாக உள்ளே தள்ளியபோது, வாயிலிருந்து நான்கு விரல் தூரத்தில் கம்பி திடீரென்று வழுக்கிக்கொண்டு போய், மறுபடி இறுகியது. வெளியே அந்த இடத்தில் கட்டை விரலை ஓட்டினால் நெற்கனம் மேடு தட்டுப்பட்டது. சில குழல்கள் வளையம் இருந்தும் ஓரளவு நேராகச் சுடும், என்னுடையது சுடவில்லை.

இங்கேதான் இரண்டு துப்பாக்கிகளும் பிரிகின்றன. ரூகரின் குழல் ஒரு சிறு ஆப்புக் கட்டையாலும் இரண்டு திருகுகளாலும் ரிசீவரோடு பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மரக்கட்டையைக் கழற்றித் திருகுகளைத் தளர்த்தினால் குழல் கையோடு வந்துவிடும். மாற்றுக் குழல்கள் பல நிறுவனங்களிலிருந்து கிடைக்கின்றன. குழல் கெட்ட ரூகர் என்பது ஒரு குழலின் விலையைக் கழித்துப் பேச வேண்டிய துப்பாக்கி, அவ்வளவுதான். மார்லினின் குழல் ரிசீவருக்குள் இறுக்கிச் செருகி, குறுக்கே ஊசியடித்துப் பொருத்தப்பட்டது. பட்டறையில் கொடுத்து மாற்றும் கூலியில் இன்னொரு நல்ல மார்லினே வாங்கிவிடலாம். ஆகவே மார்லினில் குழல் சரியில்லை என்றால் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

சேம்பரின் விளிம்பையும் ஒரு பார்வை பாருங்கள். ரிம்ஃபயர் தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பொருள் கூட்டின் அடி விளிம்புக்குள் இருக்கிறது. ஊசி அந்த விளிம்பில்தான் அடிக்கும். தோட்டா இல்லாமல் பலமுறை விசையை அழுத்தி விளையாடிய துப்பாக்கியில், ஊசி நேராகச் சேம்பர் விளிம்பில் மோதி ஒரு பள்ளம் உண்டாக்கியிருக்கும். அந்தப் பள்ளம் உலோகத்தைச் சேம்பருக்குள் பிதுக்கித் தள்ளினால் காலிக் கூடு சிக்கிக்கொள்ளும்.

நான்காவது படி: விசையும் பாதுகாப்பும்

துப்பாக்கி காலி என்று இரண்டாவது முறையாக உறுதி செய்துகொண்டு, விற்பவரிடம் சொல்லிவிட்டு இதைச் செய்யுங்கள். சேம்பரில் போலித் தோட்டா ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. ரூகர் வைத்திருப்பவர்கள் சுவரில் திருகு பிடிக்கச் செருகும் சிறிய மஞ்சள் பிளாஸ்டிக் பிளக்கை இதற்குப் பயன்படுத்துவதுண்டு, காசு மிச்சம்.

பாதுகாப்புப் பொத்தானைப் போட்டு விசையை நன்றாக அழுத்துங்கள். எதுவும் நடக்கக் கூடாது. விசையை விட்டுவிட்டுப் பொத்தானை எடுங்கள். எடுக்கும்போதும், ஊசியைத் தட்டும் சுத்தி விழக் கூடாது. இப்போது விசையை அழுத்துங்கள், சுத்தி விழும் ஓசை கேட்கும். விரலை எடுக்காமல் விசையை அழுத்திய நிலையிலேயே வைத்துக்கொண்டு, மற்றக் கையால் போல்ட்டை முழுவதும் இழுத்து விடுங்கள். சுத்தி பின்னாலேயே நிற்க வேண்டும். பிறகு விசையை மெதுவாக விடும்போது ‘டிக்’ என்று ஒரு சிறு ஓசை கேட்டால், அது அடுத்த வேட்டுக்குத் தயாராகிவிட்டது என்று பொருள். போல்ட் முன்னே போகும்போதே சுத்தியும் கூட விழுந்துவிட்டால், அந்தத் துப்பாக்கி ஒரே அழுத்தலில் இரண்டு மூன்று முறை வெடிக்கக் கூடியது. அது ஆபத்து, பல நாடுகளில் அப்படி ஒன்றைக் கையில் வைத்திருப்பதே பெருங்குற்றமும் ஆகும். விலை எவ்வளவு இறங்கினாலும் வாங்காதீர்கள்.

இந்தக் கோளாறு ரூகரில் அதிகம் தென்படக் காரணம், துப்பாக்கியின் குறை அல்ல, அதன் புகழ். தொழிற்சாலை விசை கனமாக இருக்கிறது என்று ஆளாளுக்கு அரம் போட்டுப் பார்த்திருப்பார்கள். திருகுத் தலைகளைக் கூர்ந்து பாருங்கள்: ஓரம் சிதைந்து பள்ளம் அகன்றிருந்தால் பொருந்தாத திருப்புளியோடு யாரோ உள்ளே போயிருக்கிறார்கள். போனவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். மாற்றுப் பாகங்கள் போட்டிருந்தால் பழைய தொழிற்சாலைப் பாகங்கள் கிடைக்குமா என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்க முடியாதென்றால் விலையைக் குறையுங்கள். மாற்றங்கள் செய்த துப்பாக்கிக்கு விற்பவர் கூடுதல் விலை சொல்வார். என் கணக்கில் அவை மதிப்பைக் குறைப்பவை. இன்னொருவர் ருசிக்கு உப்புப் போட்ட குழம்புக்கு நான் ஏன் அதிகம் தர வேண்டும்?

ஐந்தாவது படி: தோட்டா ஊட்டும் பகுதி

ரூகரின் மேகசின் உருளை வடிவ உட்சுழலி கொண்டது. துப்பாக்கிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்காமல் கட்டையோடு சமமாக அமர்ந்துவிடும். விரலால் சுழலியை அழுத்திச் சுற்றிப் பாருங்கள், ஸ்பிரிங் திருப்பித் தள்ள வேண்டும். தொய்ந்திருந்தாலும் கவலையில்லை, மேகசின் தனியாக விற்கிறது. எத்தனை மேகசின்கள் சேர்ந்து வருகின்றன என்பதைப் பேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மார்லினில் வெளிக்குழாயை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். எங்காவது நசுங்கியிருந்தால் அந்த இடத்தில் தோட்டாக்கள் நின்றுவிடும். பித்தளை உட்குழாய் வளையாமல், உள்ளிருக்கும் தள்ளுமுனை தடையில்லாமல் ஓடினால் நல்லது. உட்குழாயை மட்டும் புதிதாக வாங்கிப் போடலாம். போல்ட்டின் பின்னோட்டத்தை ரிசீவரின் பின்சுவரில் மோதாமல் தாங்கிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு உள்ளே இருக்கிறது. அது காலப்போக்கில் மஞ்சளித்து, நொறுங்கித் தூளாகிவிடும். பழைய மார்லினில் அது முழுதாக இருந்தால்தான் வியப்பு. சாளரத்துக்குள் பிளாஸ்டிக் துணுக்குகள் தென்பட்டால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் அந்தத் துண்டு மிக மலிவு, அரை மணி வேலை. தோட்டாவை ஏந்தும் தொண்டைப் பாகமும் தேயக் கூடியது, அதுவும் மாற்றக் கூடியது. புதியவர்களைப் பயமுறுத்தும் இந்த உள்வேலைகள்தாம் மார்லினின் விலையை இறக்குகின்றன. நல்ல குழல் கொண்ட மார்லினை மலிவாக எடுக்க வழி செய்வதும் இவைதாம்.

கடைசித் தோட்டா முடிந்ததும் போல்ட் திறந்தே நிற்பது 1980-களின் நடுவில்தான் மார்லினில் வந்தது. அதற்கு முந்தையதில் நிற்கவில்லை என்றால் அது பழுதல்ல. ரூகரின் வழக்கமான மாடலில் அந்த ஏற்பாடே கிடையாது.

கட்டையைப் பற்றி ஒரே பத்தி போதும். விசைக்காப்பைச் சுற்றியும், ரிசீவருக்குப் பின்னால் கட்டை ஒடுங்கும் இடத்திலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். மற்றக் கீறல்களை மறந்துவிடுங்கள். தோளில் வைத்துப் பார்க்கும்போது, 56 செ.மீ. குழல் கொண்ட பழைய மார்லின் முன்பக்கம் கனத்து நிற்கும், 47 செ.மீ. குழல் கொண்ட ரூகர் கைக்கு அடக்கமாக இருக்கும். குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் பொருத்த ரூகரின் ரிசீவரில் திருகுத் துளைகள் உண்டு, அதற்கான அடித்தகடு துப்பாக்கியோடு வந்திருக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். மார்லினில் ரிசீவரின் மேலேயே பள்ளம் வெட்டியிருக்கும்.

ஆறாவது படி: சுட்டுப் பார்ப்பது

சுடுதளத்தில் சுட்டுப் பார்க்க விற்பவர் ஒப்புக்கொண்டால், கூடுதலாகக் கொஞ்சம் கொடுத்தும் அந்த வாய்ப்பை வாங்கிக்கொள்ளலாம். கண்ணுக்கும் காதுக்கும் காப்பு அணிந்து, இரண்டு துப்பாக்கிகளுக்கும் ஒரே பெட்டித் தோட்டாக்களை, ஒரே மேசையில் மணல்மூட்டை மேல் வைத்துச் சுடுங்கள். .22 சிறியது என்று அலட்சியம் வேண்டாம். அந்தக் குண்டு ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் போகக் கூடியது என்பதால், பின்னால் மண்மேடு இல்லாத வெளியில் ‘சும்மா ஒரு வேட்டு’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

முதல் வேட்டுகளை ஒவ்வொரு தோட்டாவாக மட்டும் நிரப்பிச் சுட்டு, கூட்டை எடுத்துப் பாருங்கள். விளிம்பில் ஊசியடி ஒன்று, தெளிவாகவும் ஆழமாகவும் இருக்க வேண்டும். கூட்டின் அடிப்பக்கம் புடைத்திருந்தால் போல்ட் முழுதாக மூடும் முன்பே வெடித்திருக்கிறது; அங்கேயே நிறுத்திவிடுங்கள். கூட்டின் உடலில் நீளவாட்டுக் கீறல் விழுந்தால் சேம்பரில் பிசிறோ அழுக்கோ இருக்கிறது.

பிறகு 10, 10-ஆக நிரப்பி ஐம்பது வேட்டு. ஒரு துண்டுத் தாளில் ஒவ்வொரு தடங்கலையும் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் தடங்கலின் வகைதான் மருந்தைச் சொல்லும். காலிக் கூடு சாளரத்தில் செங்குத்தாக மாட்டி நின்றால், பெரும்பாலும் அழுக்கு அல்லது வலுக்குறைந்த தோட்டா. இந்த வகைத் துப்பாக்கிகளில் போல்ட்டைப் பூட்டி வைக்கும் ஏற்பாடு இல்லை. அதன் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே அதைப் பிடித்து வைத்திருக்கின்றன, வெடிப்பின் உந்துதலே அதைப் பின்னால் தள்ளுகிறது. ஆகவே வேகம் குறைந்த தோட்டாக்களில் போல்ட் பாதியிலேயே திரும்பிவிடலாம். அதிவேகத் தோட்டாவுக்கு மாறினால் கோளாறு மறைகிறதா என்று பாருங்கள். கூடு சேம்பரிலேயே தங்கிவிட்டால் இழுக்கும் கொக்கி தேய்ந்திருக்கும், அது மலிவான பாகம். விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்கை நோக்கியே குறைந்தது 30 விநாடிகள் வைத்திருங்கள், தாமதமாக வெடிப்பதுண்டு. அதன் பிறகு எடுத்து ஊசியடியைப் பாருங்கள்: அடி ஆழமாக இருந்தால் தோட்டாவின் குறை, லேசாக இருந்தால் துப்பாக்கியின் குறை. சத்தம் வழக்கத்தைவிட மெலிந்து ‘புஸ்’ என்று கேட்டால் அடுத்ததைச் சுடவே கூடாது. காலி செய்து குழலுக்குள் பாருங்கள். என் மார்லினில் அந்த வளையத்தை உண்டாக்கியவர் இந்த ஒரு நிமிடத்தைச் செலவிடவில்லை.

கடைசியாக 50 மீட்டரில் ஐந்து ஐந்து வேட்டுகளாக நான்கு தொகுப்பு. சாதாரணத் தோட்டாவில் ஐந்தும் ஐந்து சென்டிமீட்டருக்குள் விழுந்தால் எனக்குப் போதும். ஒரு தொகுப்பு மட்டும் சிதறினால் நம் கை. நான்கும் சிதறினால் முதலில் ஸ்கோப்புத் திருகுகளையும் ரிசீவரைக் கட்டையோடு பிடிக்கும் திருகுகளையும் இறுக்கிவிட்டு, வேறு தோட்டாவில் மறுபடி சுட்டுப் பாருங்கள். .22 குழல்கள் தோட்டா விஷயத்தில் பிடிவாதம் பிடிப்பவை.

ஏழாவது படி: முடிவு

இப்போது தாளில் உள்ளதைப் பாருங்கள். குழல் வளையம், மார்லினில் துருக்குழி, இரட்டை வெடிப்பு, கட்டையில் பிளவு, அழிந்த எண்: இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தத் துப்பாக்கி விலகிவிடுகிறது, ரூகரில் குழல் குறைக்கு மட்டும், புதுக் குழலின் விலையைக் கழிக்கச் சம்மதித்தால் விலக்கு. மீதமுள்ள ஒவ்வொரு குறைக்கும் பாகத்தின் விலையை எழுதிக் கூட்டி, கேட்கும் விலையோடு சேருங்கள். அந்த இரண்டு கூட்டுத்தொகைகளைத்தான் ஒப்பிட வேண்டும், விலைச்சீட்டுகளை அல்ல.

தொகைகள் ஏறத்தாழ சமமாக இருந்தால், முதல் துப்பாக்கியாக ரூகரைத்தான் சொல்வேன். மேகசினைக் கழற்றிக் காட்டிவிட்டால் சுடுதளக் கண்காணிப்பாளருக்கும் உங்களுக்கும் ஒரே நொடியில் நிம்மதி. எந்தப் பாகமும் எப்போதும் கிடைக்கும். மார்லின் நிறுவனம் 2007-இல் ரெமிங்டன் கைக்கும், 2020-இல் ரூகர் கைக்கும் போனது. அதனால் பழைய 60-க்கான பாகங்களைக் கொஞ்சம் தேடி வாங்க வேண்டியிருக்கும். ஆனால் குழல் சுத்தமாக இருந்து, தொகை தெளிவாகக் குறைவாக இருந்து, உள்ளே பிளாஸ்டிக் துண்டு மட்டும் நொறுங்கியிருக்கும் மார்லின் கிடைத்தால் தயங்க வேண்டாம். நான் இரண்டாவது முறையும் மார்லின்தான் வாங்கினேன். இந்த முறை வெள்ளைத் தாளும் கைவிளக்கும் சட்டைப் பையில் இருந்தன.

வாங்கிய பிறகு பெயர் மாற்றப் பதிவைச் சட்டம் சொல்லும் கெடுவுக்குள் முடித்துவிடுங்கள். துப்பாக்கியைப் பூட்டிய அலமாரியிலும் தோட்டாக்களைத் தனியாகப் பூட்டிய பெட்டியிலும் வையுங்கள். முதல் நாளே ஒருமுறை முழுதாகக் கழற்றிச் சுத்தம் செய்வது நல்லது. மார்லினில் உள்ளிருக்கும் சிறு கிளிப்புகள் துள்ளி ஓடும், வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வைத்து, ஒவ்வொரு கட்டத்தையும் செல்பேசியில் படமெடுத்துக்கொண்டே கழற்றுங்கள். குழலுக்குக் கம்பிக்குப் பதில் இழுத்து எடுக்கும் தூரிகைக் கயிற்றைச் சேம்பர் பக்கமிருந்து வாய்ப்பக்கமாக இழுத்தால் விளிம்பு தேயாது. வேலை முடிந்ததும் ஈயம் பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வேறு எதையும் தொட வேண்டும். சுத்தமான குழலில் மெழுகும் ஈயமும் மறுபடி ஒரு படலமாகப் படியும்வரை முதல் பத்து இருபது குண்டுகள் இங்குமங்கும் விழும். ஸ்கோப்பின் திருகைத் தொடுவது அதற்குப் பிறகு.